சர்க்கரை நோயாளிகள் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவது எப்படி?

சர்க்கரை நோய் உள்ளவரிடம் நாம் எல்லோரும் கேட்பது, "சுகர் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு ஆகியவற்றுக்கு இரண்டுமே காரணமாகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் உள்ளது. சர்க்கரை மிகும்போது இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் தேக்குகிறது. இதனால் அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கிறது.

கட்டுப்படுத்தினால் என்ன பயன்?

இரண்டு நோய்களும் உள்ள 1,148 பேரை எட்டு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 1998இல் வெளியானது. ஒரு குழுவினரின் சராசரி அழுத்தம் 144/82. மற்றக் குழுவினருக்கு 154/87. இந்தச் சிறிய வேறுபாட்டால் முதல் குழுவில் பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் தொடர்பான இறப்பு 32 சதவீதமும் குறைந்தன. இன்று பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு 130/80க்குக் கீழ் வைக்கவே மருத்துவர்கள் முயல்கின்றனர். முதியவர்களுக்கும், எழுந்து நின்றால் தலைசுற்றல் வருபவர்களுக்கும் இலக்கை மருத்துவரே முடிவு செய்வார்.

உப்பில் கவனம்

ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆலந்தலை முதல் காயல்பட்டினம் வரையிலான கரையோர ஊர்களில் கருவாடு அன்றாட உணவு. அதிலும் ஊறுகாய், அப்பளம், வடகத்திலும் சேரும் உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். கருவாட்டுக்குப் பதில் அன்றைய பச்சை மீனைக் குழம்பாக்கலாம். இந்துப்பும் உப்புதான், அதனால் அழுத்தம் குறையாது. கடைகளில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பில்' பொட்டாசியம் உள்ளது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது.

அளக்கும் முறை

சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், காபி, புகை கூடாது. சர்க்கரை அளவை எழுதும் நோட்டிலேயே இதையும் எழுதி வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் கசிகிறதா என்றும், கண்ணின் விழித்திரையையும் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

"பிரஷர் நார்மல் ஆகிவிட்டது" என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நார்மலாக இருப்பது அந்த மாத்திரையால்தான். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை புரதக் கசிவையும் குறைப்பவை. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை. வறட்டு இருமல், கால் வீக்கம் போன்ற தொல்லை வந்தால் மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது மிக அவசியம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு நோய்களுக்கும் மருந்து இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. வீட்டில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ திடீரென முகம் கோணினால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.