இரண்டு இடக்கைகள்: ரிங்கு சிங்கும் நடராஜனும் ஏறிய படிகள்

2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று அதற்குப் பெயர். பேஸ்பால் பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் எறிய வேண்டும், அவ்வளவுதான். 37,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கிரிக்கெட் நாட்டில் பந்துவீச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களிலிருந்து ஒரு பிட்சரை, அதாவது பேஸ்பாலில் பந்தெறிபவரை, உருவாக்கிவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் முதலிடம் பெற்ற ரிங்கு சிங்கும் அடுத்து வந்த தினேஷ் படேலும் ஈட்டி எறிபவர்கள். இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

கிரிக்கெட் பந்துவீச்சின் அடிப்படை விதியே முழங்கையைப் பற்றியது. வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்கிறது ஐ.சி.சி. முத்தையா முரளிதரன் 1995இல் மெல்போர்னில் ‘நோ-பால்’ என்று அறிவிக்கப்பட்டதில் தொடங்கிய நீண்ட சர்ச்சைக்குப் பிறகே, வேகப்பந்து, சுழற்பந்து என்று பாராமல் எல்லோருக்கும் இந்த அளவு வந்தது. பிட்சருக்கோ முழங்கைதான் மூலதனம். ஓடிவந்து வேகம் சேர்க்க அவருக்கு வழியில்லை. மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, 18.44 மீட்டர் தொலைவுக்கு, கையை மடக்கிச் சொடுக்கி எறிய வேண்டும். கிரிக்கெட் பயிற்சி ஒரு சிறுவனிடமிருந்து எதை நீக்கப் பாடுபடுகிறதோ, பேஸ்பால் அதையே கேட்கிறது. அந்த அசைவை முறையாகக் கற்பித்த இடங்கள் இந்தியாவில் ஈட்டி எறியும் களங்கள்தாம்.

ரிங்கு உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தில் ஒரு லாரி ஓட்டுநரின் மகனாக 1988இல் பிறந்தவர், இடக்கைக்காரர். மணிக்கு 87 மைல், அதாவது ஏறக்குறைய 140 கி.மீ. வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் பயின்ற பின், 2008 நவம்பரில் அவரையும் தினேஷையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் இவர்கள். 2009 ஜூலை 4 அன்று புளோரிடாவின் கீழ்நிலை லீக்கில் களம் இறங்கினார்கள்.

தினேஷை 2010 டிசம்பரில் அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பி மறுபடி ஈட்டியைக் கையில் எடுத்தார். ரிங்கு மெல்ல மேலேறினார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக ஆடியபோது ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன் மட்டுமே விட்டுக்கொடுக்கும் சராசரியை எட்டினார். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து நான்கே ஆண்டு ஆனவருக்கு இது அரிய சாதனை என்றே நான் மதிப்பிடுகிறேன். அடுத்த ஆண்டே முழங்கை கைவிட்டது. டாம் ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த, தசைநாண் எடுத்து முழங்கையில் பொருத்தும் அறுவைசிகிச்சை ரிங்குவுக்கும் நடந்தது. டாம் ஜான் அதன்பின் 1989 வரை ஆடினார். ரிங்குவால் மேலே வர முடியவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். இவர்கள் கதையை வைத்து ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014இல் வந்த திரைப்படம் ஒப்பந்தம் வரையிலான வெற்றியைத்தான் சொல்கிறது. அதற்குப் பிந்திய ஆண்டுகளே ஆய்வாளருக்கு முக்கியம்.

அதே காலத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் இன்னொரு இடக்கை வளர்ந்துகொண்டிருந்தது. தறித் தொழிலாளியின் மகன், தாய்க்குச் சாலையோரக் கடை. தங்கராசு நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்ப, நான்காம் டிவிஷன் லீக்கில் ஆட்டம் தொடங்கியது. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். உடனே அவரது வீச்சுமுறை மீது புகார் எழுந்தது. இங்கும் முழங்கைதான் பிரச்சினை.

பயிற்சியாளர் சுனில் சுப்பிரமணியத்தின் துணையோடு நடராஜன் வீச்சைத் திருத்திக்கொண்டார். திருத்திக்கொண்ட கையைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆட்டங்கள் இருந்தன: லீக் கிரிக்கெட், 2016இல் தொடங்கிய டி.என்.பி.எல்., 2017இல் மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்த பஞ்சாப் ஐ.பி.எல். அணி. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்திய அணிக்குள் வந்தார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். ரிங்கு தடுமாறியபோது அவருக்குப் பின்னால் உள்ளூர் லீக் இல்லை, மொழி தெரிந்த பயிற்சியாளர் இல்லை, சிறுவயது முதல் ஆடிப் பழகிய பேஸ்பாலும் இல்லை. இருவரின் திறமையை ஒப்பிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அவரவர் காலடியில் இருந்த படிகளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் மயிலாடுதுறை மாவட்டத்தின் குத்தாலம் வட்டாரத்தையும் பார்க்கலாம். இங்கே மைதானம் என்பது பெரும்பாலும் காலி வயல். அதுவும் எப்போதும் கிடைக்காது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். கதிர் அறுத்த வயலில் கால் வைக்க முடியாது. உளுந்து பிடுங்கிச் சித்திரை பிறந்த பிறகே பையன்களுக்கு இடம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை உழவு வந்துவிடும். எஞ்சிய ஏழெட்டு வாரத்திலும் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பந்து சீராக எழும்பாது. பந்தைத் தரையில் குத்தாமல் மட்டையின் அடியில் இறக்குபவனே அங்கே நல்ல பௌலர். நடராஜனுக்குப் பெயர் வாங்கித் தந்த யார்க்கரும் அவருடைய டென்னிஸ் பந்து ஆண்டுகளில் விளைந்ததுதான். ஆக, கை இங்கேயும் பழகுகிறது. ஆனால் ஏழெட்டு வாரப் பழக்கம் ஒரு தொழில் வாழ்க்கைக்கு அடித்தளம் ஆகாது. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமான பின், ஆண்டு முழுதும் தோல்பந்து ஆட்டம் நடக்கும் பொதுத் திடல் ஒன்றையாவது குத்தாலம் பகுதியில் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அந்தத் திடல் உளுந்துக்கும் குறுவைக்கும் இடையில் அகப்படும் இடமாக இருக்கக்கூடாது.