மலைமண்ணும் மிஷனெரி ஊழியமும்: பச்சைமலை, கொல்லிமலை வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பொழுது புலருமுன், சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரைக் கடந்து கல்லகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அடைமழையால் மருதையாறு கரைபுரண்டு ஓடியது. வெள்ளத்தால் பழுதுற்ற பாலத்தருகே வண்டி கவிழ்ந்து, பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவருடைய பதவித்துறப்பை நம் பிரசங்கிகள் பலர் மேடைகளில் எடுத்துக்காட்டாகக் கூறியதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று எவரும் கூறக் கேட்டதில்லை.

மருதையாறு பச்சைமலைப் பகுதியில் தோன்றி, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊடே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது. கோடையில் அது வெறும் மணற்படுகை. கார்த்திகையில் அதன் குணமே வேறு. இவ்விரு மாவட்டங்களும் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. 1995இல் பெரம்பலூரும், சில ஆண்டுகள் பிரிந்தும் சேர்ந்தும் இருந்தபின் 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. ஆட்சியாளர் வகுத்த எல்லைகள் மாறின. மழைநீர் செல்லும் வழி மாறவில்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமியில் நிற்பவனுக்கு மலை கண்ணுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆயினும் அவன் ஊர் ஆற்றின் வெள்ளமும் வறட்சியும் மேற்கேயுள்ள அம்மலைச் சரிவுகளோடு கட்டுண்டவை.

பச்சைமலை பெரிய மலையன்று. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். பெரம்பலூர், திருச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடப்பது. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழும் இடம். காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்கள் பிரிந்து சென்று சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கிழக்கே துண்டுதுண்டாய் நிற்கும் இம்மலைகளுக்கு அத்தகைய பெயரும் இல்லை, புகழும் இல்லை. மலைகளுக்காக உலக நாடுகள் கூடி உழைப்பதைப் பற்றிப் பேசுவோர் இமயத்தையும் ஆல்ப்ஸையும் ஆண்டீஸையும் எண்ணுகின்றனர். நமக்கும் அப்படியே எண்ணிப் பழக்கம். இச்சிறு மலைகளுக்கும் கடல்கடந்த ஒத்துழைப்பின் வரலாறு ஒன்று உண்டு. அது திருச்சபையின் வரலாறு. அதைத்தான் நாம் மறந்திருக்கிறோம்.

இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டு 1907இல் இந்தியா வந்தார். 1913இல் அவரும், லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரும் சேந்தமங்கலத்தில் மணம் புரிந்து, கொல்லிமலையில் வாழவந்தி என்னும் இடத்தில் குடியேறினர். கொல்லிமலை பச்சைமலைக்கு மேற்கே அடுத்துள்ள மலை. அத்தம்பதியர் கண்ணெதிரே வைத்திருந்த பணித்தளமோ கொல்லிமலை மட்டுமன்று. கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி முதலாக ஐந்து மலைகளிலும் சுவிசேஷம் அறிவிக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் செய்த பொருத்தனை. பெரம்பலூரின் மேற்கு எல்லையில் நிற்கும் மலை அந்த ஐந்தில் ஒன்று.

மலையில் அவர்களைச் சந்தித்தது மலேரியாவும் பூசாரியின் எதிர்ப்புமே. பல ஆண்டுகள் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. முதல் உலகப்போரின் முடிவில் வந்த கொள்ளைக்காய்ச்சலில் அப்பூசாரியே மரணப் படுக்கையில் வீழ்ந்தபோது, தன் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பின்னரே வாசல் திறந்தது. மிஷனெரி சரித்திரங்கள் இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கின்றன, அது நியாயமே. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பிந்தைய ஆண்டுகளிலும் அவர் அன்றாடம் செய்துவந்த வேலைகளோ நம் நூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துபோகின்றன. நமக்கு இங்கே வேண்டியவை அவ்வேலைகளே.

ஜெசி பிராண்டு மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு பெற்ற பயிற்சியே அவருடைய மருத்துவம். நரம்புச் சிலந்தி நோயால் வருந்தியவர்களின் காலிலிருந்து புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுத்தார். நோய் கிணற்று நீரிலிருந்து வருகிறது என்று கண்டபின், மக்கள் நீரில் கால் வைத்து இறங்காதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்பவேண்டும் என்று ஊர் ஊராகப் போதித்தார். (இந்தியா இந்நோயினின்று விடுபட்டதென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்தான்.) தச்சுவேலை கற்பித்தார், பள்ளிகள் நடத்தினார், ஆரஞ்சுக் கன்று நட்டார், கரும்பு பயிரிடவும் பட்டுப்புழு வளர்க்கவும் முயன்றார். மலைவாழ் குடியானவரின் நிலத்தின்மேல் விதிக்கப்பட்ட வரி நீதியற்றது எனக் கண்டு அதிகாரிகளிடம் வழக்காடினார். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் மலைமக்களின் கோடரிக்கும் கொத்துக்கும் எல்லை வகுக்கப்பட்ட காலம் அது. நிலத்தைப் பற்றிய பேச்சு அவர்களுக்குப் பிழைப்பைப் பற்றிய பேச்சாகவே இருந்தது.

இதில் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் கலெக்டரைக் காணச் சென்றால் கதவு திறந்தது. மலையாளிக் குடியானவருக்குத் திறக்கவில்லை. ஆளும் இனத்தாரின் சலுகையைக் கொண்டே அந்த நீதியும் கேட்கப்பட்டது. தொழில் முயற்சிகள் சில அவரோடேயே முடிந்தன. 1929 ஜூன் 15இல், 44ஆம் வயதில், கடுங்காய்ச்சலால் அவர் வாழவந்தியில் மரித்தார். அப்போது அவர் நட்ட மரங்கள் நின்றன. அவர் கொண்டிருந்த செல்வாக்கோ மலைமக்களில் எவருக்கும் கைமாறவில்லை. ஒத்துழைப்பு ஒருவரின் கையிலேயே தங்கிவிடும்போது நேர்வது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஈவ்லின் அம்மையாரின் பிற்காலம் இன்னும் வியப்புக்குரியது. 1947ஆம் ஆண்டளவில் வயதைக் காரணங்காட்டி மிஷன் அவரை மீண்டும் அனுப்ப மறுத்தது. ஓராண்டு மட்டும் வேண்டிப் பெற்று வந்த அவர், அவ்வாண்டு முடிந்ததும் பணியினின்று ஓய்வுபெற்று, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். எலும்பு முறிந்தபின்னும் குதிரைமேலும் டோலியிலும் மலைமலையாகச் சென்றார். கணவரோடு செய்த பொருத்தனையில் எஞ்சியிருந்த மலைகளே அவர் நோக்கம். மிஷன் சபையாரின் கணக்கில் அவருடைய ஊழியம் முடிந்திருந்தது; மலைகளில் அதற்குப்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் அது நடந்தது. 1974 டிசம்பர் 18இல், 95ஆம் வயதில் மரித்து, வாழவந்தியில் கணவரருகே அடக்கம்பண்ணப்பட்டார்.

அவர்களுடைய மகன்தான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்திய அறுவை மருத்துவர் பால் பிராண்டு. 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த அவர், 1980களில் எழுதிய ஒரு கட்டுரையில் தம் இளமைக்கால நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்ந்தார். சிறுவர்கள் படிப்படியாய் அமைந்த நெல்வயல்களில் தவளை பிடிக்கும் விளையாட்டில் சேற்றைக் கலக்கினர். கலங்கிய நீர் வரப்புக் கடந்து அடுத்த படிக்கு வழிந்தது. வயலைக் காத்த முதியவர் வருவதைக் கண்டு சிறுவர் ஓடினர், அவர் அடிக்கவில்லை. கை நிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, தலைமுறை தலைமுறையாகச் சோறு தந்தது இதுவே என்றும், கீழே ஓடிவிட்ட மண் மறுபடி மலையேறி வராது என்றும், வாய்க்கால் தெளிவாய் ஓடும்வரைதான் மலைக்கு வாழ்வு என்றும் விளக்கினாராம். எத்தியோப்பியாவில் மண் கரைந்து கல்லாய் நின்ற வயல்களையும், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு அள்ளிச் செல்லும் சேற்றையும் கண்டபோது பிராண்டுக்கு அந்த முதியவரின் நினைவே வந்தது. எழுத்தறியாத மலைக்குடியானவர் ஒருவர், உலகம் சுற்றிய மருத்துவருக்கு ஆசிரியரானார். மிஷனெரி மலைக்குக் கொண்டுபோனதை மட்டும் எழுதும் நம் வரலாறு, மலையிலிருந்து மிஷனெரியின் குடும்பம் பெற்றதையும் எழுதவேண்டும்.

அக்கட்டுரை வெளிவந்த காலத்திலேயே உலகத் திருச்சபையின் சிந்தனையும் இத்திசையில் திரும்பியது. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983இல் வான்கூவரில் நீதி, சமாதானம், படைப்பின் முழுமை என்னும் மூன்றையும் ஒரே அழைப்பாகச் சேர்த்தது. அதே ஆண்டில் இமயமலை நாடுகளின் கூட்டு ஆய்வு மையம் காத்மண்டுவில் தோன்றியது. 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டின் செயல்திட்டத்தில் 13ஆம் அதிகாரம் மலைகளுக்கெனவே ஒதுக்கப்பட்டது. 2002ஐ ஐக்கிய நாடுகள் சபை மலைகளின் ஆண்டாகக் கொண்டாடியது. 2003 முதல் டிசம்பர் 11 மலைகளின் நாளாயிற்று. இத்தீர்மானங்களை நாம் இகழவில்லை. ஆனால் தீர்மானம் மலையேறுவதற்கு ஆள் வேண்டும்.

ஏறியதற்கு ஒரு சான்று கொல்லிமலையிலேயே உண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியதால் சாமை, தினை, பனிவரகு முதலியவை அருகின. சரிவில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டுகையில் மண்ணும் இளகிக் கரைகிறது. முதியவர் அஞ்சிய சேறு அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே பணி தொடங்கியது. 2001 முதல் ஐக்கிய நாடுகளின் வேளாண்மை வளர்ச்சி நிதியம் உதவிய ஒரு திட்டத்தில் கொல்லிமலைப் பெண்களும், நேபாள உழவரும், பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டீஸ் மலைகளில் கினோவா விளைவிக்கும் குடிகளும் ஒரே முயற்சியில் பங்காளிகளாயினர். வேலையின் மையம் எளியது. சிறுதானியத்தை உரலில் குற்றி உமி நீக்கும் பாடுதான் பெண்களை அப்பயிரிலிருந்து விரட்டியது. ஊருக்குள் சிறு அரைவை இயந்திரம் வந்ததும் சாமை மறுபடி அடுப்பேறியது. விதை சேமிப்பும், மாவு விற்பனையும் மகளிர் குழுக்களின் பொறுப்பாயின. ஜெசி பிராண்டின் காலத்தில் கைமாறாத பொறுப்பு இங்கே ஓரளவு கைமாறியது.

பச்சைமலைக்கு இத்தகைய கவனம் கிட்டவில்லை. அங்கும் மரவள்ளி சரிவுகளில் ஏறியிருக்கிறது. அடிவாரத்தில் கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணையும், மருதையாற்றின் குறுக்கே கொட்டரை நீர்த்தேக்கமும் அமைந்திருக்கின்றன. மேலே மண் பிடித்து நின்றால்தான் அவற்றில் நீர் நிற்கும், இல்லையேல் சேறு நிற்கும். சமவெளிச் சபைகளுக்கோ மலை என்பது பெரும்பாலும் 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். பழைய மொழிபெயர்ப்பு மலைகளையே உதவி வரும் திசையாக்குகிறது. எபிரெய மூலம் உதவி எங்கிருந்து வரும் என்று வினவுவதாக அறிஞர் பலர் கொள்கின்றனர். அந்த வினாவை ஒருமுறை மலையின் பக்கமிருந்தும் கேட்டுப் பார்க்கும்படி நம் மாணவரிடம் கூறிவருகிறோம்.

ஒரு வேலை உடனே செய்யத்தக்கது. ஈவ்லின் அம்மையார் மரித்த ஆண்டில் இருபது வயதாயிருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவரை டோலியில் சுமந்தவர்களும், அவரிடம் மருந்து வாங்கியவர்களும், அவர் வந்து பேசிய ஊர்களும் இன்னும் முற்றிலும் மறையவில்லை. எந்தக் கிணற்றுக்கு எப்போது சுவர் எழுந்தது, எந்தச் சரிவில் எந்தத் தானியம் விளைந்தது, வரிக்காக யார் யாரிடம் போனார்கள் என்பவற்றை ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. இவ்விரு மாவட்டங்களின் குருமார் கோடை விடுமுறையில் இரண்டிரண்டு மாணவரைப் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் அனுப்பி, அம்முதியோர் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிவரச் செய்யலாம்.