நெடுந்தீவிற் பாண்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. முருகைக்கல் மதில்களும் பனங்கூடல்களும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த இத்தீவு கோதுமைக்குரிய நிலமன்று. குளிர்ந்த வளர்பருவத்தை வேண்டிநிற்கும் அப்பயிருக்கு இங்குள்ள வெப்பமும் ஆழமற்ற மண்ணும் ஒவ்வா. எனினும் பாணும் சம்பலும் இன்று இத்தீவினருக்கும் பழகிய உணவாகும். தன் மண்ணில் விளையாத தானியமொன்றை ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பது ஆராயத்தக்கது.

"பறங்கியர் கொண்டுவந்தது" என்பதே இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை. சொற்கள் இவ்விடைக்குத் துணைநிற்கின்றன. மூக்கொலியில் முடியும் போர்த்துக்கேயச் சொல்லொன்றே நம்மிடம் 'பாண்' ஆயிற்று. பாண் சுடும் அடுப்பாகிய 'போறணை'யும் அம்மொழியினின்று வந்ததே. 'விசுக்கோத்து' என்பதும் அவ்வாறே. அதன் மூலச்சொல்லுக்கு இருமுறை சுடப்பட்டது என்பது பொருள். சுட்ட அப்பத்தை மீண்டும் சூட்டில் உலர்த்தி ஈரத்தை அறவே போக்கினால் அது நீண்ட கடற்பயணத்திலும் பழுதடையாது. இன்று நாம் தணலில் வாட்டியுண்ணும் பாண் துண்டுக்கு, மாலுமிகள் கடித்துண்ட அவ்வுலர் அப்பத்தை மூத்த உறவாகக் கொள்ளலாம். சங்க நூல்களில் வரும் 'பாண்' என்ற சொல் பாணர் குலத்தையும் அவர்தம் இசையையும் குறிப்பது. யாழ்ப்பாணத்தின் பெயரோடும் பேசப்படும் அச்சொல்லைப் பேக்கரிப் பாணுடன் இணைத்து மகிழ்வது நகைச்சுவைக்கு உதவுமேயன்றி மொழியாராய்ச்சிக்கு உதவாது.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நெடுந்தீவை அவர்கள் பசுக்களின் தீவு என்றனர். 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை டெல்வ்ற் என வழங்கினர். தீவிலுள்ள இடிந்த கோட்டையைப் போர்த்துக்கேயருடையது என்பாரும் ஒல்லாந்தருடையது என்பாரும் உளர். ஆயின் சொல் நுழைந்த காலத்திலேயே பொருளும் மக்களின் அடுக்களைக்குள் நுழைந்தது எனக் கொள்வது பொருந்தாது. ஒல்லாந்தக் கம்பனியின் சிப்பாய்களுக்கே படியாக அளக்கப்பட்டது அரிசி. கடல்கடந்து வந்த கோதுமை, அதிகாரிகளின் மேசையைத் தாண்டிப் பெரிதும் வெளிவரவில்லை.

எனினும், பாண் செய்வதற்கு வேண்டிய ஒன்றை அந்நியரே இம்மண்ணிடமிருந்து கடன்பெற நேர்ந்தது. அதுவே கள். மாவைப் புளிக்கவைக்கும் நொதி கள்ளில் இயல்பாகவே வாழ்கிறது. அது மாவிலுள்ள வெல்லத்தை உண்டு கரியமில வாயுவை வெளிவிடும். கள்விட்டு அப்பமாவைப் புளிக்கவைக்கும் கைப்பழக்கம் நம் பெண்களுக்கு முன்னரே தெரிந்ததாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பியரின் பாணுக்கும் நெடுங்காலம் கள்ளே புளிப்பாயிற்று. வேறுபாடு மாவில் உள்ளது. கோதுமை மாவைப் பிசைகையில் உண்டாகும் பசைத்தன்மை வாயுவைச் சிறைப்பிடித்து உயரச் செய்கிறது. அரிசிமாவிலும் ஒடியல் மாவிலும் அப்பசை இல்லை. ஆகவே அவை பிட்டாகவும் கூழாகவும் சிறந்தன, பாணாக எழவில்லை.

பாணைப் பொதுமக்களின் உணவாக்கியது பறங்கியரின் மேசையன்று, பங்கீட்டு அட்டையே. தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேற்பட்டதை இலங்கை அக்காலத்தில் இறக்குமதி செய்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவினின்று வந்தது. 1942 மார்ச்சில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றவே அவ்வழி அடைபட்டது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. முதலில் வேண்டாவெறுப்பாக ஏற்கப்பட்ட அம்மா பிட்டாகியது, இடியப்பமாகியது, றொட்டியாகியது. பின்னரே பாண் வழமையாயிற்று. போர் முடிந்தும் அப்பழக்கம் போகவில்லை. அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் வந்த மா அதனை மேலும் வேரூன்றச் செய்தது. உலகக் கோதுமை விலை ஏறிய 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் மக்கள் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றனர்.

தீவினருக்கு இவற்றோடு கடலும் ஒரு தடை. குறிகாட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். கச்சான் வீசுங் காலத்தில் அதுவும் உறுதியில்லை. 1985 மே 15 இல் குமுதினிப் படகிற் சென்ற நெடுந்தீவு மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டபின், அவ்வழி வெறும் தூரத்தால் மட்டும் அளக்கப்படுவதாயில்லை.

இத்தகைய இடத்தில் வீட்டிற் பாண் சுடுவது பொழுதுபோக்கு மாத்திரம் அன்று. ஓர் இறாத்தல் மாவுக்கு மூன்றிலிரு பங்கு எடையில் நீரும் கள்ளும், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. இவற்றை நன்றாகப் பிசைந்து, இருமடங்காகும்வரை மூடிவைத்து, கனத்த சட்டியிலிட்டுக் கீழும் மேலும் தணல் வைத்தாற் போதும். போறணை வேண்டுவதில்லை. கள்ளின் வேகம் மரத்துக்கு மரம் வேறுபடுமாதலால் நேரத்தைக் கண்ணே சொல்லவேண்டும். மறுநாள் அது இறுகும். மாப்பொருள் மீண்டும் படிகமாவதே இதற்குக் காரணம். தணலில் வாட்டினால் உள்ளே மென்மை மீளும். வெளியே பொன்னிறமும் மணமும் தோன்றும். இந்நிறமாற்றத்தை மயிலார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912 இல் விளக்கினார். வீட்டுப் பசுவெண்ணெய் இருப்பின் வேறு கறி தேவையில்லை.

1990 களில் 'வெதுப்பகம்', 'வெதுப்பி' என்னும் தமிழாக்கங்கள் யாழ்ப்பாணத்தில் வழக்குக்கு வந்தன. முன்னது பெயர்ப்பலகைகளில் நிலைத்தது; பின்னது வாய்களில் நிலைக்கவில்லை. மக்கள் வெதுப்பகத்துக்குச் சென்று பாணே வாங்கினர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அதே பாணின் விலை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. அவ்வாண்டு உக்ரேனில் மூண்ட போர் கோதுமைச் சந்தையை மேலுங் கலக்கியது. இரங்கூனின் வீழ்ச்சியால் நெடுந்தீவின் அடுக்களைக்குள் வந்த உணவு, எண்பது ஆண்டுகளின்பின் மற்றொரு தொலைநாட்டுப் போராற் கைக்கெட்டாததாயிற்று.