உளநோய் நிர்ணயம்: அளவுகோல் யாருடையது?

உடல் நோய்களை இனங்காண இரத்தப் பரிசோதனையும் கதிர்ப்படமும் துணைநிற்கின்றன. உளநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பரிசோதனைகள் இல்லை. நோயாளி கூறுவதையும் அவரது நடத்தையையும் கொண்டே வைத்தியர் முடிவுக்கு வருகின்றார். எனவே, எது இயல்பான நடத்தை என்பது குறித்து அவர் கொண்டுள்ள அளவுகோல் தீர்க்கமானதாகும்.

அந்த அளவுகோல் எப்போதும் நடுநிலையாக இருந்ததில்லை. எஜமானர்களிடமிருந்து தப்பியோடிய கறுப்பின அடிமைகள் ஒருவகை உளநோய்க்கு ஆளானவர்கள் என அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட் 1851இல் எழுதினார். பெண்களின் துயரங்களுக்கு நெடுங்காலமாகச் சூட்டப்பட்ட 'ஹிஸ்டீரியா' என்ற பெயரோ, கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

1970இல் அமெரிக்காவில் இங்கே புரோவர்மனும் சக ஆய்வாளர்களும் உளநலத்துறை சார்ந்த 79 பேரிடம் ஆய்வொன்றை மேற்கொண்டனர். ஆரோக்கியமான ஆண், ஆரோக்கியமான பெண், ஆரோக்கியமான வளர்ந்த மனிதர் ஆகியோரின் இயல்புகள் எவை என வினவப்பட்டது. ஆணுக்கும் வளர்ந்த மனிதருக்கும் ஏறத்தாழ ஒரே இயல்புகள் கூறப்பட்டன. பெண்ணோ கூடுதலாக அடங்கிப்போபவளாகவும் எளிதில் உணர்ச்சிவசப்படுபவளாகவும் சித்திரிக்கப்பட்டாள். அடங்கினால் முதிர்ச்சியற்றவள், அடங்காவிட்டால் பெண்மையற்றவள். இரண்டில் எதுவாயினும் குறைபாடு அவளுடையதே.

இது அந்நிய நாட்டு விவகாரம் மாத்திரம் என நாம் ஒதுக்கிவிட முடியாது. எமது பெண்கள் பலர் மனத்துயரை நெஞ்செரிவு, கைகால் உளைவு, தலைப்பாரம் என்றே கூறுகின்றனர். வலிநிவாரணியுடன் அவர்கள் திருப்பியனுப்பப்பட்டால் மனச்சோர்வு மறைந்தே கிடக்கும். மறுபுறம், கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்கும் முஸ்லிம் பெண் வெளியே வராதிருப்பதை, அவ்வழக்கத்தை அறியாத வைத்தியர் நோயின் அறிகுறியாகக் கொள்ளவும் கூடும். அதேவேளை, இத்தா காலத்தில் ஒரு பெண் உண்ணாமலும் உறங்காமலும் உயிர்வாழ விரும்பாமலும் இருப்பாளாயின், அதனை வழக்கத்தின் பெயரால் அலட்சியம் செய்வதும் பெருந்தவறாகும்.

2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல், நோயாளி தமது துன்பத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றார் என்பதை அறிய 16 வினாக்களை முன்வைத்துள்ளது. எமது வைத்தியசாலைகளிலும் இத்தகைய வினாக்கள் நோயாளியின் சொந்த மொழியில், அவசரமின்றிக் கேட்கப்படல் வேண்டும். பெண்கள் குடும்பத்தவரின் குறுக்கீடின்றித் தனித்துப் பேசுவதற்கும் வழி செய்யப்பட வேண்டும். பெயர் சூட்டுவதற்கு முன் செவிமடுப்பதே நீதியான சிகிச்சையின் தொடக்கம் என்பது எமது கருத்தாகும்.