மரிக்கார் ராம்தாஸும் ஐயர் ஹமீதும்: நூறு வயது தாண்டிய நம் வானொலி

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்புக் காலத்தில் எங்கள் வீடுகளில் ரேடியோவில் இரண்டு குரல்களுக்காகக் காத்திருப்போம். ஒன்று, நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு. மற்றது, நோன்பு முடியும் இரவில் பிறை அறிவிப்பு. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி எடுத்த முடிவை அறிவிப்பாளர் வாசிப்பார். களனியிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த ஒரு வசனத்தைக் கேட்ட பிறகுதான் பெருநாள் சமையலுக்கு அடுப்பு மூட்டுவார்கள். இப்போது அதுவும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ரேடியோ சிலோன் தமிழ் ஆக்கள்ட ரேடியோதானே?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் வரலாறு. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இங்கு வந்த எட்வர்ட் ஹார்பர் என்ற ஆங்கிலேயர்தான் இலங்கையில் ஒலிபரப்பைத் தொடக்கியவர். பிபிசி தொடங்கி மூன்று வருஷம் ஆகும் முன்பே, கொழும்புத் தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பரீட்சித்துப் பார்த்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி, ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட் வெலிக்கடையில் நிலையத்தை முறைப்படி திறந்து வைத்தார். அன்று அதற்கு 'கொழும்பு வானொலி' என்று பெயர். ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் இதுவும் ஒன்று. 2025 டிசம்பரோடு நூறு வருஷம் நிறைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நமக்கு எதிர்பாராத ஒரு சொத்து கிடைத்தது. தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படையினருக்காக 'ரேடியோ சியாக்' கொழும்பிலிருந்து இயங்கியது. அதன் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஏக்கலயில் இருந்தது. களனியிலிருந்து நீர்கொழும்பு வீதியால் ஜா-எல வரை போய் உள்ளே திரும்பினால் வரும் அதே ஏக்கலதான். கைத்தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து, 'ரேடியோ சிலோன்' உருவானது. 1950இல் கிளிபர்ட் டொட் என்ற அவுஸ்திரேலியரின் பொறுப்பில் வர்த்தக சேவை தொடங்கியது.

சிற்றலை வானத்தின் உயரத்திலுள்ள ஒரு படையில் பட்டுத் திரும்பிக் கீழே வரும். அதனால் கடலும் எல்லையும் அதற்குத் தடையில்லை. அந்த நேரத்தில் இந்தியாவின் தகவல் அமைச்சர் பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட இந்தியா முழுவதும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1952இல் தொடங்கிய அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' ஹிந்தியில் கொடிகட்டிப் பறந்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனது. போன நேயர்களைத் திருப்பி இழுக்க இந்தியா 1957இல் 'விவித் பாரதி'யைத் தொடங்க வேண்டியதாயிற்று.

1967இல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமானது. 1972இல் நாட்டின் பெயர் மாற, அதுவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்கள் வீட்டுப் பெயர்களாகின. குரலை மட்டும் கேட்டு, இவர் எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அறிவிப்பாளரின் தமிழ் எல்லாருக்கும் பொதுவான தமிழாக இருந்தது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகம் உங்கள் வாப்பாமாருக்கு ஞாபகம் இருக்கும். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம் பேச்சுத் தமிழ் பேசும் மரிக்காராக வந்தவர் ராம்தாஸ். ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத். சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலியாக செல்வசேகரன், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ராஜகோபால். கடைசிவரை 'மரிக்கார்' ராம்தாஸ், 'உபாலி' செல்வசேகரன் என்றே சனம் அவர்களைக் கூப்பிட்டது. ஒருவர் பேச்சை இன்னொருவர் பேசிக் காட்டினார்; கேட்டவர்கள் கோபிக்காமல் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை அந்தளவுக்குக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தான் அப்படி நடிக்க முடியும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சுவருக்குச் சுவர் வாழ்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அது அரசாங்கத்தின் வானொலி. அரசு சொல்ல விரும்பியதையே செய்தியில் சொல்லும். அதனால்தான் நம் ஆட்களில் பலர் பாட்டுக்குக் கொழும்பையும் செய்திக்கு லண்டன் பிபிசி தமிழோசையையும் வைத்திருந்தார்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தபோது, அந்தப் பொதுத் தமிழ் யாரையும் காப்பாற்றவில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும் காப்பாற்றவில்லை. 1994இல் கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். பல குரல்கள் வெளிநாடு போயின. 1998இல் சூரியனும் சக்தியும் வந்த பிறகு நேயர்களும் பிரிந்தார்கள்.

ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "இல்ல மகன், அது தமிழ் பேசுற எல்லார்டயும் ரேடியோ. நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் அதுதான், பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னதும் அதுதான்." நம் பிள்ளைகள் தமிழை யாரோ ஒருவருடைய சொத்து என்று நினைத்து வளர்ந்தால், இழப்பு அவர்களுக்குத்தான்.

ஒரு வேண்டுகோள். நாடகம், கிராஅத், கஸீதா, நோன்பு நிகழ்ச்சி என்று ரேடியோவில் பதிந்த பழைய கெசட் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பூஞ்சணம் பிடிக்க முன் போனில் பதிந்து வையுங்கள். வாப்பும்மாவிடம், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பிள்ளைகளை உட்காரவைத்து, ரேடியோவில் என்ன கேட்டீர்கள் என்று கேட்க விடுங்கள். அவர்கள் சொல்வதையும் பதியுங்கள்.

உங்கள் வீட்டு ரேடியோ எங்கே இருந்தது, யார் குரலுக்காகக் காத்திருந்தீர்கள்? கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.