தஞ்சாவூர் முக்கோண அளவை

தஞ்சாவூர் முக்கோண அளவை என்பது 1808ஆம் ஆண்டில் காவிரிக் கழிமுகப் பகுதியில் வில்லியம் லாம்டன் தலைமையில் நடைபெற்ற நில அளவைப் பணி ஆகும். இது இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவையின் ஒரு பகுதி. புவி முழுமையான கோளம் அன்று என்பதை அளந்து காட்டுவது அவ்வளவையின் நோக்கங்களுள் ஒன்றாகும். பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றப்பட்ட கருவி உடைந்த நிகழ்வினால் தஞ்சாவூர்ப் பணி வரலாற்றில் இடம் பெற்றது.

கோளமும் புவியும்

மையத்திலிருந்து பரப்பின் எல்லாப் புள்ளிகளும் சம தொலைவில் அமைந்த திண்ம உருவம் கோளம் எனப்படும். இவ்வரையறையை இயற்கையில் எப்பொருளும் முழுதாக நிறைவு செய்வதில்லை. நெற்பயிரின் இலை நுனியில் நிற்கும் பனித்துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாக்குகிறது. துளியின் எடை அதனைச் சற்றுத் தட்டையாக்குகிறது. புவியை உருண்டையாக்கியது ஈர்ப்பு விசை. துருவங்களில் தட்டையாக்கியது அதன் தற்சுழற்சி. நியூட்டன் இதனை 1687இல் கணித்துக் கூறினார். பிரான்சில் சிலர் புவி துருவங்களில் நீண்டிருப்பதாக வாதிட்டனர். 1730களில் லாப்லாந்துக்கும் பெருவுக்கும் சென்ற பிரெஞ்சு அளவைக் குழுக்களின் முடிவுகள் நியூட்டனுக்குச் சார்பாக அமைந்தன. எனினும், தட்டை எவ்வளவு என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை.

இதனை அறிய, வடக்கு-தெற்காக ஒரு பாகை அகலாங்கின் நீளத்தை வெவ்வேறு இடங்களில் அளக்க வேண்டும். தட்டையான இடத்தில் வளைவு குறைவு. ஆகவே ஒரு பாகை மாறுவதற்குக் கூடுதல் தொலைவு செல்ல வேண்டும். இன்றைய கணக்கின்படி இந்நீளம் தஞ்சாவூர் அருகே சுமார் 110.6 கி.மீ., துருவத்தருகே சுமார் 111.7 கி.மீ. ஆகும். இச்சிறு வேறுபாட்டைப் பிடிக்க மிக நுட்பமான கருவி தேவைப்பட்டது.

கருவியும் விபத்தும்

லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்து பணியைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியவை வரியும் படை நடத்த வரைபடங்களும். லாம்டனின் நாட்டமோ புவியின் வடிவத்தின் மீது இருந்தது. இலண்டனில் வில்லியம் கேரி செய்த அவருடைய தியோடொலைட்டு, 36 அங்குல விட்டமுள்ள கிடை வட்டம் கொண்டது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. கடல்வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீசியசுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் அவர்களாலேயே அனுப்பி வைக்கப்பட்டு வந்து சேர்ந்தது.

முக்கோண அளவையில் ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிற இடங்களில் மலைகள் இதற்கு உதவின. கழிமுகத்திலோ குன்று ஒன்றும் இல்லை; வயல்களுக்கிடையே தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்கள் அளவை நிலையங்களாயின. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 60 மீட்டருக்கும் மேல் உயரமுடையது. அதன் உச்சிக்குக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணங்களை அளக்கும் வட்டம் நெளிந்துவிட்டது.

அக்காலத்தில் இத்தகைய கருவியைப் பழுதுபார்க்க இங்கிலாந்துக்கு அனுப்புவதென்றால் ஆண்டுக்கணக்காகும். லாம்டன் வேறு வழியை நாடினார். பெரிய பலகை ஒன்றில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அவ்வட்டத்தில் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவை அடைந்தது. கூடாரத்திற்குள் கையால் தட்டிச் சரிசெய்யப்பட்ட வட்டத்தைக் கொண்டே புவியின் வளைவு தொடர்ந்து அளக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது.

முடிவுகள்

தஞ்சாவூர்த் தொடர் ஒரு கிளையே. முதன்மை வில் 78 பாகை நெட்டாங்கை ஒட்டி, குமரிமுனைக்கு அருகிலிருந்து சுமார் 18 பாகை வட அகலாங்கு வரை 1815க்குள் அளக்கப்பட்டது. லாம்டன் 1823இல் இங்கன்காட்டில் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரஸ்ட், 1830இல் தட்டைமையை ஏறத்தாழ 300.8இல் ஒரு பங்கு எனக் கணித்தார். இன்றைய மதிப்பு 298.257இல் ஒரு பங்கு. அதாவது துருவ விட்டம், நடுக்கோட்டு விட்டத்தை விடச் சுமார் 43 கி.மீ. குறைவு. 30 செ.மீ. விட்டமுள்ள பந்தாகப் புவியைச் சுருக்கினால் இவ்வேறுபாடு 1 மி.மீ. அளவே இருக்கும், கண்ணால் அறிய இயலாது.

ஒப்பீட்டுக்கு, 2016இல் ஆய்வு முடிவு வெளியான கெப்ளர் 11145123 என்னும் விண்மீன் மெதுவாகச் சுழல்வது. சுமார் 15 இலட்சம் கி.மீ. ஆரமுள்ள அதன் நடுக்கோட்டு, துருவ ஆரங்களின் வேறுபாடு ஏறத்தாழ 3 கி.மீ. மட்டுமே. மனிதர் செய்தவற்றுள், அவகாதரோ மாறிலியை அளக்க உருவாக்கப்பட்ட ஒரு கிலோகிராம் சிலிக்கான் உருண்டைகள் கோளத்திற்கு மிக அண்மையானவை. சுமார் 93.6 மி.மீ. விட்டமுள்ள இவற்றின் பிழை சில பத்து நானோமீட்டர் அளவே ஆகும்.