அப்பாவின் துப்பாக்கி: பிள்ளைகள் அறிய வேண்டியது

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து வந்த அவசரகாலச் சட்டம், அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்தினால் மரண தண்டனை என்றது. நம் நாட்டில் இன்றும் துப்பாக்கிச் சட்டம் கடுமையானதுதான்.

யார் உரிமம் தருவார்?
கடைக்கு வணிக உரிமம் தருவது ஈப்போ மாநகர் மன்றம். துப்பாக்கி அதன் அதிகாரத்தில் இல்லை. 1960 ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரே உரிமம் வழங்குவார்.

உரிமம் இல்லாவிட்டால்?
7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றஞ்சாட்டினால் 14 ஆண்டு வரை சிறை, 6-க்குக் குறையாத பிரம்படி. இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல் என்றே சட்டம் கருதும். 2023 வரை அதற்குத் தண்டனை மரணம் வரை போகக்கூடியதாக இருந்தது. வீட்டில் செய்த ‘பகாகுக்’ துப்பாக்கிக்கும் விலக்கில்லை.

என்ன செய்யலாம்?
காட்டுப்பன்றியை விரட்ட அப்பா வாங்கிய துப்பாக்கியின் உரிமம் அவர் பெயருக்கு மட்டுமே. பிள்ளைக்குத் தானாக வராது. அவர் காலமானால் விற்காதீர்கள், ஒளிக்காதீர்கள், பிறர் கையில் கொடுக்காதீர்கள். அதைத் தொடாமல், உடனே அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் சொல்வதுபோல் ஒப்படையுங்கள்.